864 சுற்று: ரோபோ மூட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் முறை

அஞ்சு எச்.பி. பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டினால் செம்புக் கம்பி கிலோக் கணக்கில் போகும். ரோபோ கையின் முழங்கை மூட்டுக்குள் உட்காரும் மோட்டாருக்கு 54 கிராம்தான் போகிறது. பம்ப் மோட்டாரை அரை நாளில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவேன். ரோபோ மோட்டாரில் முதல் ஸ்டேட்டருக்கு, அதாவது காயில் கட்டும் சுழலாத இரும்புப் பாகத்துக்கு, மூன்று நாள் பிடித்தது. அதுவும் எரிந்துபோனது.

கோயமுத்தூர் கணபதியில் இருபத்திரண்டு வருஷம் பம்ப் மோட்டார் வைண்டிங் செய்தவள் நான். 1937-இல் இதே ஊர் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவின் முதல் மோட்டார் வெளிவந்தது என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெருமையோடு போனதுதான் முதல் தப்பு. ரோபோ கை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து, உள்ளங்கையளவு ஸ்டேட்டரை மேஜையில் வைத்து, "அக்கா, இதைக் கட்டித் தர முடியுமுங்களா?" என்றான். "இதென்னுங் தம்பி, ஃபேன் காயில் மாதிரிதான இருக்குது" என்றேன். அதற்கப்புறம் நாலு வருஷம் பட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இப்போது இதைக் கையில் எடுக்கிறவர்கள் அந்த மூன்று நாளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

எல்லாக் கணக்கும் ஒரே ஸ்டேட்டருக்கு: வெளிவிட்டம் 81 மி.மீ., தகட்டு அடுக்கின் உயரம் 10 மி.மீ., கம்பி சுற்ற 36 பல், பற்களுக்கு நடுவே 36 ஸ்லாட் (இடைவெளி). மேலே தொப்பி மாதிரி சுற்றும் ரோட்டரில் 42 காந்தம். 48 வோல்ட்டில் ஓடும். பல்லின் அகலம் 3 மி.மீ., ஸ்லாட்டின் வாய் 1.6 மி.மீ. தட்டையாக இருப்பதால் மூட்டுக்குள் அடங்கும். காந்தம் நிறைய இருப்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல முறுக்கு விசை கொடுக்கும்.

ஓடாத மோட்டார்

பம்ப் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நாங்கள் சொல்லும் மூன்று ஃபேஸும், அதாவது தனித்தனியாகக் கரண்ட் வாங்கும் மூன்று காயில் கூட்டமும், மாறி மாறிச் சுமையைத் தூக்கும், ஃபேனோ தண்ணீரோ சூட்டை எடுத்துப் போகும். ரோபோவின் கை மூன்று கிலோவைத் தூக்கி நீட்டியபடி அப்படியே நிற்கிறது என்று வையுங்கள். நாற்பது சென்டிமீட்டர் கையின் நுனியில் மூன்று கிலோ என்றால் மூட்டில் சுமார் 12 நியூட்டன் மீட்டர். ஒன்றுக்கு ஆறு கியர் இருந்தால் மோட்டாரின் பங்கு 2. அதற்கு இந்த மோட்டாருக்கு 7.7 ஆம்பியர் வேண்டும். ரோட்டர் அசையாது, காற்று அசையாது. ரோட்டர் நிற்கும் கோணம் வாகாக மாட்டிக்கொண்டால் அந்த 7.7 ஆம்பியரும் ஒரே ஃபேஸில் போகும். மற்ற இரண்டும் பாதி பாதி வாங்கும். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறுவதால், மொத்தம் 75 வாட்டில் 50 வாட் அந்த ஒரு ஃபேஸின் பன்னிரண்டு பல்லிலேயே இறங்குகிறது.

என் முதல் ஸ்டேட்டர் இப்படித்தான் போனது. வெப்பநிலை சென்சாரைச் சிவப்பு ஃபேஸ் காயிலில் செருகியிருந்தேன். கை நின்ற நிலையில் நீலம் வெந்துகொண்டிருந்தது. திரையில் 70 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வார்னிஷ் கருகும் வாசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று ஃபேஸுக்கும் ஒவ்வொரு சென்சார் வைக்கிறேன். பத்து கிலோ ஓம் தெர்மிஸ்டர், மிளகைவிடச் சின்னது. காயில் கட்டும்போதே இரண்டு அடுக்குக்கு நடுவே விட்டுவிட வேண்டும். வார்னிஷ் போட்ட பிறகு வெளியே ஒட்டினால் அது செம்பின் சூட்டை அறியாது, காற்றின் சூட்டைத்தான் சொல்லும்.

எத்தனை டர்ன் (சுற்று) என்பதை முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, டிசைன் செய்கிறவர்கள் சொல்வார்கள். டர்னைக் கூட்டிக் கம்பியை மெலிதாக்கினால் குறைந்த கரண்டில் அதே விசை கிடைக்கும், ஆனால் செம்பின் மொத்தப் பரப்பு மாறாதவரை சூடு மாறாது. சூட்டைக் குறைக்க ஒரே வழி ஸ்லாட்டுக்குள் அதிகச் செம்பைத் திணிப்பதுதான். அது முழுக்க நம் கையில் இருக்கிறது.

கம்பி

எங்கள் மோட்டாருக்கு ஒரு பல்லுக்கு 24 டர்ன், 36 பல்லுக்கும் சேர்த்து 864. 33 கேஜ் கம்பி நாலு சேர்த்து. 33 கேஜ் என்றால் 0.254 மி.மீ. நாலு 33-உம் ஒரு 25-உம் செம்புப் பரப்பில் சமம். 25 கேஜ் சரியாக இரண்டு மடங்கு தடிமன், 0.508. அப்படியானால் ஒற்றைக் கம்பியே போடலாமே என்று நானும் கேட்டேன், போட்டும் பார்த்தேன். மூன்று மி.மீ. பல்லின் முனையில் அரை மி.மீ. கம்பி மடங்க மறுக்கிறது. வளைந்து, விலகி, தொந்தி போட்டு நிற்கும். மெல்லிய கம்பி பல்லோடு ஒட்டி மடங்கும். அதற்கு விலையும் உண்டு: மெல்லிய கம்பியில் எனாமலின் பங்கு அதிகம். எனாமலோடு சேர்த்து 0.28 வரும் கம்பியில் செம்பு எண்பது சதவீதத்துக்குச் சற்றே அதிகம், தடித்த கம்பியில் எண்பத்தைந்தை ஒட்டி. அந்த நஷ்டத்தைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கிறோம்.

எனாமல் 200 டிகிரி வகுப்பு வாங்குங்கள். 155 வகுப்பில் ஈயத்தில் வைத்தாலே எனாமல் கரையும் கம்பி கிடைக்கிறது, வேலை சுலபம்தான். ஆனால் நின்றபடி சுமை தாங்கும் மூட்டுக்கு நான் அதைப் போடுவதில்லை.

இழுவைதான் அடுத்த சிக்கல். பம்ப் காயிலுக்குக் கையால் விறைப்பாக இழுத்துப் பழகிய கை இது. செம்பு இழுத்தால் நீளும். ஒரு சதவீதம் நீண்டால் குறுக்குப் பரப்பும் ஒரு சதவீதம் குறையும், ரெசிஸ்டன்ஸ் இரண்டு சதவீதம் ஏறும். எனாமலிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒரு இழைக்கு 150 கிராம் அளவு இழுவை போதும். நாலு பாபினிலிருந்தும் ஒரே இழுவை வர வேண்டும். ஒன்று தளர்ந்தால் அந்த இழை மற்றதன் மேல் ஏறிக் குறுக்கே போகும், அந்த அடுக்கே கெட்டது. நான் ஒவ்வொரு இழையையும் இரண்டு ஃபெல்ட் துண்டுக்கு நடுவே விட்டு, மேலே தையல் மெஷின் ஸ்பிரிங் ஒன்றால் அழுத்தியிருக்கிறேன். மீன் தூக்கும் சின்னத் தராசைக் கொக்கியில் மாட்டி வாரம் ஒருமுறை நாலையும் சரிபார்ப்பேன்.

ஸ்டேட்டரைத் தயார் செய்தல்

பம்புக்கு லெதராய்டு பேப்பரை மடித்துச் செருகுவோம். இங்கே அதற்கு இடம் கிடையாது. எபாக்ஸி பவுடர் பூசிய ஸ்டேட்டராக வரும், பூச்சு 0.3 மி.மீ. அளவு. பவுடர் உருகும்போது கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும். ஆகவே கம்பி மடங்கும் அதே மூலையில்தான் பூச்சு மிக மெலிதாக இருக்கும். ஒவ்வொரு பல்லின் மேல் கீழ் மூலையையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரும்பு பளபளத்தால் அந்த ஸ்டேட்டரைத் திருப்பி அனுப்புங்கள், சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். சமாளித்துப் பார்த்திருக்கிறேன், டேப் தன் தடிமனுக்கு ஒரு டர்னைத் தின்றுவிடுகிறது.

ஸ்லாட் வாயின் விளிம்பு இன்னொரு கத்தி. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையாக வெட்டி, வாயின் இருபக்கமும் செருகி, கம்பி அதன் மேல் வழுக்கி இறங்கும்படி வையுங்கள். ஒரு பல் முடிந்ததும் உருவி அடுத்த பல்லுக்கு மாற்றலாம்.

மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, ஒரு முனையை ஸ்டேட்டர் இரும்பிலும் இன்னொன்றைக் கம்பியின் தொடக்க முனையிலும் மாட்டிவிட்டுத்தான் கட்ட ஆரம்பிப்பேன். எனாமல் கிழிந்து பாடியில் பட்டால் அந்த நொடியே கத்தும். எல்லாம் முடிந்தபின் சீரிஸ் லேம்ப் வைத்து, 36 பல்லில் எது பாடி அடிக்கிறது என்று தேடும் வேதனை வேண்டாம்.

கட்டும் வரிசை

36 பல், 42 காந்தம் என்றால் பன்னிரண்டு பல் கொண்ட ஒரே கோலம் மூன்று முறை வரும். பார்க்கப் பயமாக இருக்கும். இப்படி நினைவில் வையுங்கள்: சிவப்பு 1-ஆம் பல்லில் தொடங்கும், மஞ்சள் 5-இல், நீலம் 9-இல். மூன்றுக்கும் பாட்டு ஒன்றுதான். வலம், பக்கத்துப் பல்லில் இடம். நாலு பல் தாண்டி இடம், பக்கத்தில் வலம். மறுபடி நாலு பல் தாண்டி முதலிலிருந்து. சிவப்பைச் சொன்னால் 1 வலம், 2 இடம், 7 இடம், 8 வலம், 13 வலம், 14 இடம்... கடைசி 32-இல் வலமாக முடியும். ஃபேஸுக்குப் பன்னிரண்டு பல், எல்லாம் சீரிஸ், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பி. பல் எண்ணை ஸ்டேட்டரிலேயே மார்க்கரால் எழுதுங்கள், வலத்துக்குக் கறுப்பு, இடத்துக்குச் சிவப்பு மை. எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதாமல் கட்டிய நாளில்தான் 19-ஐத் திருப்பிக் கட்டினேன்.

ஒரு ஃபேஸுக்குக் கம்பி பத்து மீட்டர் போகும், பதினொன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது.

அடுக்குகளைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நாலு இழையும் ரிப்பன் மாதிரிப் பக்கம் பக்கமாகப் படுத்தால் ஒரு டர்னுக்கு 1.1 மி.மீ. அகலம். பல்லின் வேரிலிருந்து நுனி வரை எட்டு டர்ன். அங்கிருந்து வேருக்குத் திரும்பி எட்டு. ஸ்லாட் வேரில் குறுகி நுனியில் விரிவதால் மூன்றாம் அடுக்கை வேரை ஒட்டித் தொடங்கக் கூடாது. இரண்டு டர்ன் இடம் விட்டுத் தொடங்கி ஆறு, பிறகு நுனிப் பக்கம் இரண்டு. 8, 8, 6, 2. மேல் அடுக்கின் கம்பி கீழ் அடுக்கின் பள்ளத்தில் உட்கார வேண்டும். பள்ளத்தில் உட்கார்ந்தால் இடத்தில் தொண்ணூறு சதவீதம் வரை வட்டக் கம்பியால் நிரம்பும். தலைக்கு மேல் தலை நின்றால் 78-ஐத் தாண்டாது. நிஜத்தில் இரண்டுமே முழுசாகக் கிடைக்காது. ஆனால் முதல் அடுக்கு கோணினால் மற்ற மூன்றும் கோணும். முதல் எட்டு டர்னுக்கு எடுக்கும் நேரமும் மீதிப் பதினாறுக்கு எடுக்கும் நேரமும் எனக்கு இன்றைக்கும் சமம்.

ஒவ்வொரு டர்னையும் மூங்கில் குச்சியால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துத் தள்ளுங்கள். நுனியை மழுக்கி, தேங்காயெண்ணெய் தடவாமல் வெறும் துணியால் தேய்த்து வழவழப்பாக்கிய குச்சி. எண்ணெய் பட்டால் வார்னிஷ் பிடிக்காது. ஸ்க்ரூடிரைவரை மேஜை மேலேயே வைக்காதீர்கள், இருந்தால் கை தானாக எடுக்கும்.

இரண்டு ஃபேஸ் ஒரே ஸ்லாட்டில் சந்திக்கும் இடங்கள் 18: இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே, இப்படி ஒன்று விட்டு ஒன்று. அங்கே மட்டும் மெல்லிய நோமெக்ஸ் (சூடு தாங்கும் காப்புத் தாள்) கீற்று ஒன்றைச் செருகுங்கள். மற்ற ஸ்லாட்டில் ஒரே ஃபேஸின் இரண்டு பக்கம்தான், தேவையில்லை.

பல்லைத் தாண்டிப் போகும் இணைப்புக் கம்பிகள் எல்லாம் கீழ்ப்பக்கம், உள்வட்டத்தை ஒட்டி. மேல்பக்கத்தில் ரோட்டரின் கோணத்தை அளக்கும் என்கோடர் போர்டு வரும். பம்பில் காயில் தலை கொஞ்சம் எழும்பினால் மரச்சுத்தியால் தட்டி உட்கார வைப்போம். இங்கே தட்ட முடியாது, எழும்பவும் முடியாது, மேலே 2.5, கீழே 2.5, மொத்த உயரம் 15 மி.மீ. அவ்வளவுதான். ஒவ்வொரு பல் முடிந்ததும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். 36-உம் முடிந்தபின் பார்த்தால் அழத்தான் முடியும்.

மெஷினில் கட்ட முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊசி வைண்டிங் மெஷின் இருக்கிறது. ஆனால் அந்த ஊசி ஸ்லாட்டுக்குள் போய் வரும் பாதையைக் காலியாக விட வேண்டும், அந்த இடத்தில் செம்பு போகாது. இந்த 1.6 மி.மீ. வாய்க்கு அது பெரிய இழப்பு. பெரிய கம்பெனிகள் பல்லைத் தனித்தனியாகச் செய்து, வெளியில் வைத்தே மெஷினில் நெருக்கமாகக் கட்டி, பிறகு வட்டமாகச் சேர்க்கிறார்கள். செம்பு நிறையக் கொள்ளும். ஆனால் சேர்த்த வட்டம் நூலளவு பிசகினாலும் ரோட்டர் தடுக்கித் தடுக்கிச் சுற்றும். மாசத்துக்கு முப்பது மோட்டார் கேட்கும் இடத்தில் அதற்கான அச்சுச் செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் எனக்கு வேலை இருக்கிறது.

முனைகளை இணைத்தல்

200 வகுப்பு எனாமல் ஈயத்துக்குக் கரையாது, சுரண்ட வேண்டும். பிளேடு கால் மி.மீ. கம்பியில் கீறல் போட்டால் அந்தக் கீறலில்தான் பின்னால் ஒடியும். மெல்லிய உப்புத்தாளை இரண்டாக மடித்து, நடுவில் இழையை வைத்து, ஒவ்வொன்றாக உருவுங்கள். நாலையும் சேர்த்து உருவினால் நடு இழையில் எனாமல் ஒட்டியிருக்கும், ஈயம் வெளியே அழகாகப் பிடித்ததுபோல் ஏமாற்றும்.

அதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஸ்டார் முடிச்சுப் போடும் முன், அதாவது மூன்று ஃபேஸின் கடைசி முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் முன், ஒவ்வொரு ஃபேஸையும் நாலு முனை மில்லி ஓம் மீட்டரில் அளங்கள். 20 டிகிரியில் 0.85 ஓம் வர வேண்டும். 1.13 வந்தால் ஒரு இழை சேரவில்லை, நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். நம் ஊர் 32 டிகிரியில் 0.89 வந்தால் பதறாதீர்கள், சூட்டுக்குச் செம்பு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். மூன்று ஃபேஸுக்குள் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஆனால் திருப்பிக் கட்டிய பல்லை இந்த மீட்டர் காட்டாது, எந்தப் பக்கம் சுற்றினாலும் நீளம் ஒன்றுதானே. என்னுடைய 19-ஆம் பல் இப்படித்தான் எல்லா டெஸ்ட்டிலும் பாஸாகி, ரோபோ கையில் மாட்டியபின் ஒரு ஃபேஸ் ஆறில் ஒரு பங்கு விசை குறைந்து நடுங்கியது. ஒரு ஃபேஸுக்கு ஒரு ஆம்பியர் டி.சி. கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் காம்பஸை அந்தப் பற்களின் எதிரே வரிசையாகக் கொண்டு போங்கள். ஊசி உள்ளே, வெளியே, வெளியே, உள்ளே, மறுபடி உள்ளே என்று திரும்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை.

பிறகு காப்பின் ரெசிஸ்டன்ஸை அளக்க 500 வோல்ட் மெக்கர். நூறு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எனக்குத் தூக்கம் வராது. 48 வோல்ட் சின்ன மோட்டாருக்கு உயர் மின்னழுத்தச் சோதனை, இரட்டிப்பு வோல்ட்டோடு 500 கூட்டி, 596 வோல்ட் ஒரு நிமிஷம்.

வார்னிஷ்

பம்ப் ஸ்டேட்டரை முக்கி, வடியவிட்டு, ஓவனில் வைப்போம். உள்ளே காற்றுக் குமிழி இருந்தாலும் பம்ப் பிழைத்துக்கொள்ளும். மூட்டு மோட்டாரில் சூடு வெளியேற ஒரே வழி செம்பிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து அலுமினியத்துக்கு. நடுவில் காற்று இருந்தால் வார்னிஷைவிட ஏழெட்டு மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே கரைப்பான் இல்லாத எபாக்ஸி, ஸ்டேட்டரை முதலில் சூடாக்கி, சொட்டுச் சொட்டாக, பின் வெற்றிடப் பாத்திரத்தில். எங்களுடைய வெற்றிடப் பம்ப் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர். குமிழி பொங்கி அடங்கியதும் காற்றை விடுங்கள், அடுத்த சொட்டு ஊற்றுங்கள், மூன்று முறை.

ஸ்டேட்டரின் உள்துளையில் டேப் ஒட்டி மூடுங்கள். அங்கே ஒரு சொட்டு காய்ந்தால் அலுமினிய ஹப் ஏறாது, உப்புத்தாள் போட்டால் அளவு போய்விடும். ரோட்டரை ஓவன் பக்கமே கொண்டு வராதீர்கள். சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும். ஒரு பையன் இரண்டையும் சேர்த்தே 140-இல் வேகவைத்துவிட்டு, "அக்கா, மோட்டார் ரொம்ப ஸ்மூத்தா சுத்துதுங்க" என்று சந்தோஷமாக வந்தான்.

கடைசியில் நிற்க வைத்துப் பார்த்தல்

மோட்டாருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிரைவர் போர்டு இல்லாமலே மூட்டின் நிலைமையை மேஜையில் கொண்டு வரலாம். ரோட்டரை மாட்டுங்கள். முன்னதாகக் கையால் சுற்றிப் பாருங்கள். வயர் முனைகள் எதோடும் சேராமல் இருக்கும்போதே பாகில் சுற்றுவதுபோல் இழுத்தால், உரசலும் இல்லையென்றால், உள்ளே டர்ன் ஷார்ட், அதாவது எனாமல் போய் ஒரு டர்ன் இன்னொன்றைத் தொடுகிறது. சரியாக இருந்தால் சிவப்பு லீடை பிளஸ்ஸிலும், மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து மைனஸிலும் கொடுங்கள். சிவப்பில் முழுக் கரண்ட், மற்ற இரண்டில் பாதி பாதி. ரோட்டர் ஒரு இடத்தில் சட்டென்று உட்கார்ந்துவிடும், பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 4 ஆம்பியர், ஐந்து வோல்ட் சொச்சம், இருபது வாட். அலுமினிய ஹப்போடு, ஃபேன் இல்லாமல், இருபது நிமிஷம். சிவப்பின் தெர்மிஸ்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். ஆறவிட்டு மஞ்சளுக்கு, பின் நீலத்துக்கு. மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒன்று மட்டும் ஐந்தாறு டிகிரி மேலே போனால் அந்த ஃபேஸில் எங்கேயோ எபாக்ஸி இறங்கவில்லை. பெரும்பாலும் ஈயம் வைத்த முனையை ஒட்டிய பல்லாகத்தான் இருக்கும். லேசாகச் சூடேற்றி அங்கே இன்னும் நாலு சொட்டு விட்டு, மறுபடி வெற்றிடத்தில் வையுங்கள்.